பெப்டைடு ஹார்மோனுக்கு வேர் எப்படிப் பதில் தருகிறது என்று சோதிக்க: முதன்முறை செய்பவர்களுக்கான வழிகாட்டி

வேர் எவ்வளவு நீள வேண்டும், பக்கவேர் எங்கே கிளைக்க வேண்டும், கிடைக்கும் நைட்ரேட்டை எந்தக் கிளை கூடுதலாக உறிஞ்ச வேண்டும் என்பவற்றைத் தாவரம் முடிவு செய்யும்போது, ஐந்து முதல் ஐம்பது அமினோ அமிலங்கள் வரை மட்டுமே கொண்ட சிறு பெப்டைடுகள் செய்தி கொண்டு செல்கின்றன. இந்தச் செய்தியை நேரடியாகச் சோதித்துப் பார்ப்பதற்கு எளிமையாகத் தோன்றும் ஒரு வழி உண்டு. பெப்டைடைச் செயற்கையாகத் தயாரித்து வாங்கி, அகார் ஊடகத்தில் கலந்து, அதன்மேல் நாற்றை வளர்த்து, வேரை அளப்பதே அந்த வழி. ஆய்வுக் கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் இது ஓரிரு வரிகளில் முடிந்துவிடும். அந்த வரிகளுக்குப் பின்னால் இருக்கும் ஆவணங்கள், காத்திருப்பு, கணக்குகள் ஆகியவற்றை யாரும் விரிவாக எழுதுவதில்லை. அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதால், அடுத்து வருபவர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்று இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அராபிடாப்சிஸ் தலியானா என்ற மாதிரித் தாவரத்தை ஒட்டியவை. பிற தாவரங்களுக்கு அளவுகள் மாறும், ஆனால் வரிசை மாறாது.

1. எந்தப் பெப்டைடு, எந்தக் கேள்வி என்பதை முதலில் தீர்மானியுங்கள்

"பெப்டைடு வேரை என்ன செய்கிறது" என்பது சோதிக்கத்தக்க கேள்வி அல்ல. ஒவ்வொரு பெப்டைடுக் குடும்பமும் வேரின் வேறொரு இடத்தில், வேறொரு சூழலில் வேலை செய்கிறது. வேர்நுனி ஆக்குத்திசுவின் (செல்கள் பிரிந்து பெருகும் பகுதியின்) அளவைப் பேணுவது ஆர்ஜிஎஃப் குடும்பம். 2010இல் அடையாளம் காணப்பட்ட இது, பிளெத்தோரா என்ற படியெடுப்புக் காரணிகளின் (மரபணுக்களை இயக்கும் புரதங்களின்) அளவை வேர்நுனியில் நிலைநிறுத்துகிறது. பிஎஸ்கே என்பது ஐந்தே அமினோ அமிலங்கள் கொண்டது. 1996இல் அஸ்பாரகஸ் செல் வளர்ப்பிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இது செல்களின் நீட்சியைத் தூண்டுகிறது. ரால்ஃப் பெப்டைடுகள் இதற்கு மாறாக, ஃபெரோனியா என்ற ஏற்பியின் (செல்லின் மேல் இருந்து செய்தியைப் பிடிக்கும் புரதத்தின்) வழியாக வேர்ச்செல்களைச் சுற்றிய இடத்தைக் காரத்தன்மை அடையச் செய்து நீட்சியைத் தடுக்கின்றன. சிஐஎஃப் பெப்டைடுகள் வேரின் உள்ளடுக்கான அகத்தோலில், செல்களுக்கிடையே நீர் புகாமல் அடைக்கும் காஸ்பேரியன் பட்டை இடைவெளியின்றி மூடிக்கொள்வதை உறுதி செய்கின்றன. அந்தப் பட்டையில் ஓட்டை இருந்தால் தாவரம் உள்ளே வரும் அயனிகளைத் தேர்ந்தெடுக்க முடியாது.

ஊட்டச்சத்துப் பங்கீடு உங்கள் ஆர்வம் என்றால் சிஇபி குடும்பத்தில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. இந்தச் செய்திப்பாதை முழுச் சுற்றாகத் தெளிவுபடுத்தப்பட்டிருப்பதே காரணம். வேரின் ஒரு பகுதியில் நைட்ரஜன் குறைந்தால், அந்தப் பகுதி சிஇபி பெப்டைடுகளைச் சுரக்கிறது. அவை சைலம் வழியாக மேலேறித் தண்டுப் பகுதியை அடைகின்றன. இலையின் வாஸ்குலார் திசுவில் உள்ள சிஇபிஆர்1 என்ற ஏற்பி அவற்றைப் பற்றிக்கொள்கிறது. அதன் விளைவாக இலையில் சிஇபிடி1, சிஇபிடி2 என்ற சிறு புரதங்கள் உருவாகிப் புளோயம் வழியாக வேருக்கு இறங்குகின்றன. வேரில் அவை என்ஆர்டி2.1 என்ற நைட்ரேட் கடத்தியின் (நைட்ரேட்டைச் செல்லுக்குள் கொண்டுவரும் புரதத்தின்) மரபணு வெளிப்பாட்டைக் கூட்டுகின்றன, ஆனால் நைட்ரேட் இருக்கும் பக்கத்தில் மட்டுமே. பசித்த வேர் தன் குறையைச் சொல்ல, உணவு கிடைக்கும் இடத்தில் உள்ள வேர் கூடுதலாக உறிஞ்சுகிறது. ஏற்பிகள் 2014இலும் இறங்கிவரும் சிஇபிடி புரதங்கள் 2017இலும் வெளியிடப்பட்டன. இந்தச் சுற்றை மனத்தில் பதித்துக்கொண்டால், பின்னால் வரும் படிகளில் எதற்காக இவ்வளவு கவனம் என்பது தானாகப் புரியும்.

சிஎல்இ குடும்பத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் குடும்பத்தில் உறுப்பினர்கள் அதிகம், வரிசைகள் ஒன்றுக்கொன்று மிகவும் ஒத்தவை. நைட்ரஜன் குறையும்போது சிஎல்இ3 போன்றவை சிஎல்வி1 ஏற்பியின் வழியாகப் பக்கவேர் வளர்ச்சியைத் தடுக்கின்றன. பாஸ்பேட் குறையும்போது சிஎல்இ14 வேர்நுனி ஆக்குத்திசுவை முதிர்ச்சியடையத் தூண்டுகிறது. செறிவைக் கூட்டினால் ஒரு சிஎல்இ மற்றொன்றின் ஏற்பியோடும் பிணைந்து, உங்கள் கேள்விக்குத் தொடர்பில்லாத விளைவை வேரில் காட்டும்.

2. மூலக்கூறின் வரிசையை முழுமையாக எழுதிக்கொள்ளுங்கள்

மரபணுத் தரவுத்தளத்தில் கிடைப்பது முன்னோடிப் புரதத்தின் வரிசை மட்டுமே. செயல்படும் பெப்டைடு அதிலிருந்து வெட்டப்பட்ட சிறு துண்டு. மேற்சொன்ன குடும்பங்கள் பலவற்றில் அது முன்னோடியின் கார்பாக்சில் முனையை ஒட்டி இருக்கும். வெட்டப்படுவது மட்டுமல்ல, சில அமினோ அமிலங்கள் வேதிமாற்றமும் அடைகின்றன. தரவுத்தள வரிசையில் இந்த மாற்றங்கள் தெரியாது. எனவே தரவுத்தளத்திலிருந்து நகலெடுத்து அப்படியே தயாரிக்கச் சொன்னால், தாவரம் உண்மையில் பயன்படுத்தாத ஒரு மூலக்கூறு உங்கள் கைக்கு வந்து சேரும்.

மாற்றங்கள் மூன்று வகை. முதலாவது, புரோலின் ஹைட்ராக்ஸிபுரோலினாக மாறுவது. ஒவ்வொரு மாற்றமும் நிறையை 16 டால்டன் (மூலக்கூறு நிறையின் அலகு) கூட்டும். இரண்டாவது, டைரோசினில் சல்பேட் ஏறுவது. இது 80 டால்டன். மூன்றாவது, ஹைட்ராக்ஸிபுரோலினில் அரபினோஸ் சர்க்கரைகள் சங்கிலியாக ஏறுவது. ஒவ்வொரு சர்க்கரையும் 132 டால்டன். ஆர்ஜிஎஃப்1 பதின்மூன்று அமினோ அமிலங்கள் கொண்டது. அதில் ஒரு டைரோசினில் சல்பேட்டும் ஒரு ஹைட்ராக்ஸிபுரோலினும் உண்டு. பிஎஸ்கேயில் இரண்டு டைரோசின்களிலும் சல்பேட் இருக்க வேண்டும். இந்தப் பெப்டைடுகளில் சல்பேட் இல்லாத வடிவத்தின் செயல்திறன் பெருமளவு குறைந்துவிடும். பருப்பு வகைத் தாவரங்களில் ஆய்வு செய்பவர்களுக்கு அரபினோஸ் இன்னும் முக்கியம்: லோட்டஸ் ஜப்பானிகஸில் வேர்முண்டுகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் சிஎல்இ-ஆர்எஸ்2 பெப்டைடு, அரபினோஸ் சங்கிலி இருந்தால்தான் தன் ஏற்பியோடு பிணைகிறது.

தாளில் ஒவ்வோர் அமினோ அமிலத்தையும் வரிசை எண்ணோடு எழுதி, மாற்றம் உள்ள இடத்தை வட்டமிட்டு, எதிர்பார்க்கும் நிறையை நீங்களே கணக்கிடுங்கள். சிஇபி1இல் பதினைந்து அமினோ அமிலங்கள். மாற்றமில்லாத வடிவம் ஏறத்தாழ 1,551 டால்டன். பொதுவாகப் பயன்படுத்தப்படும், 4ஆம், 11ஆம் இடங்களில் ஹைட்ராக்ஸிபுரோலின் உள்ள வடிவம் ஏறத்தாழ 1,583 டால்டன். இந்த எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள், பொருள் வந்து சேரும் நாளில் முதலில் தேவைப்படுவது இதுதான்.

3. தயாரிப்பாளரிடம் கேட்க வேண்டிய ஆவணங்களும் செலவுக் கணக்கும்

செலவை ஏற்றுவது பெப்டைடின் நீளத்தைவிட அதன் வேதிமாற்றம்தான். ஹைட்ராக்ஸிபுரோலின் சேர்ப்பதால் விலை பெரிதாக உயராது. சல்பேட் ஏறிய டைரோசின் குறிப்பிடத்தக்க அளவு உயர்த்தும். அரபினோஸ் சங்கிலி கொண்ட பெப்டைடைத் தயாரிப்பவர்களே குறைவு. ஆய்வுக்கூடம் ஒன்றோடு கூட்டாகச் செய்வதற்கான வழியை முன்கூட்டியே தேடுவது நடைமுறைக்கு உகந்தது. ரால்ஃப் போன்ற நீளமான பெப்டைடுகளில் நான்கு சிஸ்டீன்கள் இரண்டு டைசல்பைடு இணைப்புகளாக மடிய வேண்டும் என்பதால் அவற்றுக்கும் கூடுதல் செலவும் காலமும் ஆகும். சாதாரணப் பெப்டைடு சில வாரங்களில் வந்துவிடும். சல்பேட் உள்ளதற்கு அதைவிட நீண்ட காலம் ஒதுக்குங்கள்.

விலைப்பட்டியல் கேட்கும்போதே பின்வருவனவற்றை எழுத்தில் கோருங்கள்: திரவக் குரோமட்டோகிராபி வரைபடம், நிறை நிறமாலை, தயாரிப்புத் தொகுதி எண், எந்த உப்பு வடிவம் என்ற குறிப்பு, நிகரப் பெப்டைடு அளவு (குப்பியின் எடையில் உண்மையில் பெப்டைடாக உள்ள பங்கு). கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் தனிக் கட்டணத்தில் செய்யப்படும் சோதனை. அந்தக் கட்டணத்தைத் தவிர்க்காதீர்கள் என்று வலியுறுத்துகிறேன்.

இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். "95 விழுக்காடு தூய்மை" என்பது குப்பியில் உள்ள எடையில் 95 விழுக்காடு பெப்டைடு என்று பொருள்படாது. குப்பியில் உள்ள பெப்டைடு வகைப் பொருள்களுள் 95 விழுக்காடு நீங்கள் கேட்டது என்பதே அதன் பொருள். எடையில் கணிசமான பகுதி நீரும் உப்பு அயனியுமாக இருக்கும். தூய்மைப்படுத்தும்போது ட்ரைஃபுளூரோஅசெட்டிக் அமிலம் பயன்படுவதால், பெப்டைடின் ஒவ்வொரு காரக் குழுவோடும் அதன் ஒரு மூலக்கூறு ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வொன்றும் 114 டால்டன். சிஇபி1இல் அமினோ முனை, ஒரு ஆர்ஜினின், ஒரு ஹிஸ்டிடின் என மூன்று காரக் குழுக்கள் உள்ளன. ஆக, நீரைக் கணக்கில் எடுப்பதற்கு முன்பே எடையில் ஏறத்தாழ 18 விழுக்காடு அமில உப்பு. ஹிஸ்டிடின் மிகுந்த ஆர்ஜிஎஃப்1இல் இது இன்னும் அதிகம். இரண்டு பெப்டைடுகளை ஒரே செறிவில் ஒப்பிட்டதாக நினைத்துக்கொண்டு, உண்மையில் வெவ்வேறு செறிவுகளை ஒப்பிடும் நிலை இப்படித்தான் வருகிறது. முடிந்தால் அசெட்டேட் உப்பாக மாற்றித் தரச் சொல்லுங்கள். சல்பேட் ஏறிய பெப்டைடுகளுக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன், ஏனெனில் டைரோசின் மேல் உள்ள சல்பேட் அமிலச் சூழலில் கழன்றுவிடும்.

எவ்வளவு வாங்குவது? 30 மில்லிலிட்டர் ஊடகம் கொண்ட ஒரு தட்டில் 1 மைக்ரோமோலார் செறிவு வேண்டுமானால் 30 நானோமோல் தேவை. சிஇபி1 என்றால் அது ஏறத்தாழ 47 மைக்ரோகிராம். நிகர அளவு 70 விழுக்காடு என்று கொண்டால், 5 மில்லிகிராம் குப்பியில் 3.5 மில்லிகிராம் பெப்டைடு, அதாவது சுமார் 70 தட்டுகள். தொடக்கச் சோதனைகளுக்கு இது போதும். ஆயினும் முழு ஆய்வுக்கும் தேவையானதை ஒரே தொகுதியில் வாங்குவதே நல்லது. இரண்டாம் முறை வாங்கும்போது தொகுதி மாறும், நிகர அளவும் மாறும்.

பொருள் வந்ததும் நிறை நிறமாலையை உங்கள் தாளில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். சல்பேட் உள்ள பெப்டைடு, நேர்மின் முறையில் அளக்கப்பட்டால், அளவீட்டின்போதே சல்பேட்டை இழந்து 80 டால்டன் குறைவாகத் தெரியலாம். உடனே பொருளைத் திருப்பி அனுப்பிவிடாமல், எதிர்மின் முறையில் அளந்த வரைபடத்தைக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

4. விதைக்கான விண்ணப்பத்தை அதே வாரத்தில் தொடங்குங்கள்

பெப்டைடு வந்தபின் விதைக்கு எழுதலாம் என்று காத்திருந்தால் மாதங்கள் வீணாகும். விளைவு அந்த ஏற்பியின் வழியாகத்தான் வருகிறதா என்று பார்க்க, ஏற்பி இல்லாத சடுதிமாற்ற வகைகள் தேவை. அவை அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ள அராபிடாப்சிஸ் உயிரியல் வள மையத்திலும், இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் மையத்திலும் கிடைக்கின்றன. விதைக்கான கட்டணம் மொத்தச் செலவில் சிறு பகுதியே. காலம் பிடிப்பது தாள்கள்: பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்தில் உங்கள் நிறுவனத்தின் கையொப்பம், இறக்குமதி அனுமதி, அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழ், டி-டிஎன்ஏ (பாக்டீரியா வழியாகச் செருகப்படும் டிஎன்ஏ துண்டு) செருகப்பட்ட வகைகள் மரபணு மாற்றப்பட்டவை என்பதால் உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல். இவற்றுள் எதை யாரிடம் பெறுவது என்பது நாட்டுக்கு நாடு மாறும். குழு எப்போது கூடுகிறது என்பதை முதலில் விசாரித்து, அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு மற்ற விண்ணப்பங்களை அனுப்புங்கள்.

விதை வந்ததும் சோதனையைத் தொடங்கிவிட முடியாது. மையம் அனுப்பும் விதைகளில் இரு மரபணுப் பிரதிகளிலும் மாற்றம் உள்ளவையும் இல்லாதவையும் கலந்திருக்கலாம். ஒவ்வொரு செடியையும் பிசிஆர் என்ற டிஎன்ஏ சோதனை மூலம் சோதித்துத் தேர்ந்தெடுத்து, அதன் விதையைப் பெருக்க வேண்டும். அராபிடாப்சிஸ் விதையிலிருந்து விதைக்கு ஆறு முதல் எட்டு வாரம் எடுக்கும்; தேர்வுக்கும் பெருக்கத்துக்கும் இரண்டு தலைமுறை தேவைப்பட்டால் நான்கு மாதம் கடந்துவிடும். இந்தப் பெருக்கத்தின்போது இயல்பு வகைச் (சடுதிமாற்றம் இல்லாத) செடியையும் அதே அறையில், அதே நாள்களில் வளர்த்து விதை எடுங்கள். பழைய விதையும் புதிய விதையும் வெவ்வேறு வேகத்தில் முளைக்கும். முளைப்பதில் ஒரு நாள் வேறுபாடு இருந்தாலே வேர் நீளத்தில் அது பெரிதாகத் தெரியும், பெப்டைடின் விளைவு என்று தவறாகவும் படிக்கப்படும்.

இன்னொரு எச்சரிக்கை. சிஇபி ஏற்பிக்கான சில சடுதிமாற்ற வகைகள் நோசன் என்ற இயற்கை வகையின் பின்னணியில் உள்ளவை. அவற்றைப் பொதுவாகப் பயன்படும் கொலம்பியா என்ற இயற்கை வகையோடு ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது இரண்டு இயற்கை வகைகளுக்கிடையிலான வேறுபாடாகவே இருக்கலாம். எந்தப் பின்னணி என்பதை விண்ணப்பிக்கும்போதே பார்த்து, அதற்குரிய இயல்பு வகையையும் சேர்த்து வாங்குங்கள்.

5. கரைப்பதும் சேமிப்பதும்

குளிரிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறக்காதீர்கள். அறை வெப்பநிலைக்கு வரும்வரை உலர்த்திக் கலத்தில் வைத்துப் பிறகு திறந்தால் ஈரம் உள்ளே படியாது. நிகர அளவைக் கணக்கில் கொண்டு, கிருமிநீக்கிய தூய நீரில் 1 மில்லிமோலார் மூலக்கரைசல் தயாரியுங்கள். சல்பேட் உள்ளவற்றைக் கரைக்க அமிலம் சேர்க்க வேண்டாம். நீரில் கரையாத பெப்டைடுக்கு மிகச் சிறிதளவு டைமெத்தில் சல்ஃபாக்சைடு பயன்படுத்தலாம். அப்படிச் செய்தால் ஒப்பீட்டுத் தட்டிலும் அதே அளவு சேர்க்க வேண்டும்.

பெப்டைடுகள் பிளாஸ்டிக்கிலும் வடிதாளிலும் ஒட்டிக்கொள்ளும். நீர்த்த கரைசலில் இழப்பு விகிதம் அதிகம். ஆகவே வடிகட்டுவதாக இருந்தால் அடர்ந்த மூலக்கரைசலை, புரதம் ஒட்டாத வடிகட்டியில் வடிகட்டுங்கள். புரதம் ஒட்டாத சிறு குழாய்களில் ஒரு முறைப் பயன்பாட்டுக்குரிய அளவாகப் பிரித்து உறைய வையுங்கள். உருக்கி மீண்டும் உறையவைத்த குழாயைப் பயன்படுத்துவதைவிட அதைத் தூக்கி எறிவது மலிவு.

6. ஊடகம்: இங்கேதான் விளைவு தோன்றுவதும் மறைவதும்

என் கருத்தில் முழு வேலையிலும் அதிக நேரம் சிந்திக்க வேண்டிய படி இது. பெரும்பாலான ஆய்வுக்கூடங்களில் தயாராக இருப்பது முராஷிகே–ஸ்கூக் ஊடகம். முழு வலிமையில் அதில் ஏறத்தாழ 60 மில்லிமோலார் நைட்ரஜன் உள்ளது. சுமார் 39 நைட்ரேட்டாக, 21 அம்மோனியமாக. பாதி வலிமையிலும் 30 மில்லிமோலார். நைட்ரஜன் பசியை உணர்த்தும் பெப்டைடை, பசி என்பதே இல்லாத ஊடகத்தில் சோதித்துவிட்டு, ஊட்டச்சத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. முதன்மை வேரின் நீளத்தில் சிஇபி1 ஏற்படுத்தும் தடையை இந்த ஊடகத்திலும் காணலாம் என்பது உண்மை. ஆனால் பங்கீடு பற்றிய கேள்விக்கு நீங்களே உப்புகளைத் தனித்தனியாகக் கலந்து ஊடகம் தயாரிக்க வேண்டும்.

நைட்ரேட்டை மட்டும் நைட்ரஜன் மூலமாக வைத்து, நிறைவான நிலைக்கு 5 அல்லது 10 மில்லிமோலார், குறைந்த நிலைக்கு அதில் இருபதில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ எடுத்துக்கொள்ளலாம். பொட்டாசியம் நைட்ரேட்டைக் குறைக்கும்போது பொட்டாசியமும் குறைகிறது. அந்த இடத்தைப் பொட்டாசியம் குளோரைடால் நிரப்புங்கள். இல்லையென்றால் இரண்டு சத்துகளை ஒரே நேரத்தில் மாற்றியவராவீர்கள். வேர் நைட்ரேட்டை உறிஞ்சும்போது சுற்றுப்புறத்தில் பிஎச் உயர்கிறது, அம்மோனியத்தை உறிஞ்சும்போது தாழ்கிறது. பிஎச் மாறாமல் காக்கும் எம்இஎஸ் தாங்கல் பொருளை லிட்டருக்கு 0.5 கிராம் சேர்த்து பிஎச் 5.7இல் நிறுத்துவது வழக்கம். ரால்ஃப் பெப்டைடின் காரமாக்கும் விளைவையே பார்க்க விரும்புபவர்கள் மட்டும் தாங்கலைக் குறைக்க வேண்டும். வலுவான தாங்கல் அந்த விளைவை மூடி மறைத்துவிடும்.

சர்க்கரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சுக்ரோஸ் பக்கவேர் வளர்ச்சியைத் தூண்டும். சிஇபி–சிஇபிஆர்1 பாதை அந்தத் தூண்டலை அடக்குகிறது என்று காட்டப்பட்டுள்ளது. என்ஆர்டி2.1 வெளிப்பாடும் சர்க்கரையைப் பொறுத்து மாறும். ஆகவே இரு ஆய்வுக்கூடங்களின் முடிவுகள் ஒத்துப்போகவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது சுக்ரோஸ் அளவைத்தான். நீங்கள் சர்க்கரை சேர்ப்பதோ சேர்க்காததோ உங்கள் விருப்பம், ஆனால் முதல் தட்டு முதல் கடைசித் தட்டு வரை அது மாறக் கூடாது, குறிப்பேட்டிலும் பதிவாக வேண்டும்.

அகாரும் சத்தில்லாத பொருள் அல்ல. அதில் பாஸ்பேட்டும் இரும்பும் அசுத்தமாகக் கலந்திருக்கும், தொகுதிக்குத் தொகுதி மாறும். பாஸ்பேட் குறைநிலையில் முதன்மை வேர் குட்டையாவது இரும்பு இருந்தால்தான் நிகழ்கிறது. வேரில் நேரடியாக ஒளி படுவதும் அதைப் பாதிக்கிறது. சிஎல்இ14 போன்ற பாஸ்பேட் சார்ந்த பெப்டைடுகளில் ஆய்வு செய்பவர்கள் தூய்மைப்படுத்திய அகாரை ஒரே தொகுதியில் வாங்கி, தட்டின் வேர்ப்பகுதியை ஒளி படாமல் மறைப்பது நல்லது.

ஊடகத்தை அழுத்தக்கலனில் கிருமிநீக்கம் செய்தபின், ஏறத்தாழ 50 பாகை செல்சியசுக்கு ஆறியதும் பெப்டைடைச் சேர்த்துக் கலக்கி ஊற்றுங்கள். பெப்டைடை ஒருபோதும் அழுத்தக்கலனில் வைக்கக் கூடாது. ஊற்றிய தட்டுகளை ஓரிரு நாள்களுக்குள் பயன்படுத்திவிடுங்கள்.

7. விதைப்பு, இடமாற்றம், அளவீடு

மேற்பரப்புக் கிருமிநீக்கம் செய்த விதைகளை 4 பாகை செல்சியசில் இரண்டு முதல் நான்கு நாள் இருட்டில் வைத்தால் ஒரே சீராக முளைக்கும். பிறகு செங்குத்தாக நிறுத்திய தட்டுகளில், 22 பாகை செல்சியசில், 16 மணி நேர ஒளியில் வளர்க்கலாம். பெப்டைடு உள்ள தட்டிலேயே விதைப்பதைவிட, சாதாரணத் தட்டில் நான்கைந்து நாள் வளர்த்து, ஒரே நீளமுள்ள நாற்றுகளைத் தேர்ந்தெடுத்துப் பெப்டைடுத் தட்டுக்கு மாற்றுவதையே நான் பரிந்துரைப்பேன். முளைப்பு வேறுபாடு இதனால் விலகிவிடும். மாற்றிய உடனே ஒவ்வொரு வேர்நுனியின் இடத்தையும் தட்டின் பின்புறத்தில் குறியுங்கள். அங்கிருந்து வளர்ந்த நீளம்தான் உங்கள் அளவு.

பெப்டைடு ஊடகத்தில் நாள்பட நிலைத்திருக்காது. வேரிலிருந்து வெளிவரும் நொதிகள் அதைச் சிதைக்கும். நீண்ட சோதனைகளில் மூன்று நான்கு நாளுக்கொரு முறை புதிய தட்டுக்கு மாற்றுங்கள், ஒப்பீட்டு நாற்றுகளையும் சேர்த்தே மாற்றுங்கள்.

இயல்பு வகையையும் சடுதிமாற்ற வகையையும் ஒரே தட்டில் அருகருகே வையுங்கள். தட்டுகளின் இடத்தை நாள்தோறும் மாற்றி அடுக்குங்கள். அளப்பவருக்கு எந்தத் தட்டு எது என்று தெரியாதவாறு எண்ணிட்டு, வருடியில் படமெடுத்து, இமேஜ்ஜே போன்ற இலவச மென்பொருளில் அளக்கலாம். ஒரே தட்டில் உள்ள இருபது நாற்றுகள் இருபது தனிச் சோதனைகள் ஆகிவிடாது. அவை ஒரே ஊடகத்தைப் பகிர்ந்துகொண்டவை. வெவ்வேறு நாளில் தயாரித்த ஊடகத்தில் குறைந்தது மூன்று முறை மீண்டும் செய்து, அந்தச் சோதனைகளை அலகாகக் கொண்டு புள்ளியியல் கணக்கிடுங்கள்.

8. ஒப்பீடுகள் இல்லாமல் தட்டு ஊற்றாதீர்கள்

கரைப்பான் மட்டும் சேர்த்த தட்டு அடிப்படை. அதோடு, அதே அமினோ அமிலங்களை வரிசை குலைத்துத் தயாரித்த பெப்டைடு ஒன்றும் தேவை. அமினோ அமிலங்கள் நைட்ரஜன் உணவுமாகும், எந்தப் பெப்டைடும் உப்பு அயனியைக் கொண்டுவரும் என்ற ஐயங்களுக்கு அதுவே விடை. குலைத்த பெப்டைடின் விலையை முதல் வரவு செலவுத் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள். பின்னால் சேர்த்தால் வேறு தொகுதி, மேலும் சில வாரக் காத்திருப்பு.

ஏற்பி இல்லாத சடுதிமாற்ற வகையில் விளைவு மறைகிறதா என்பதே எல்லாவற்றிலும் வலுவான சான்று. சல்பேட் பெப்டைடுகளுக்கு இன்னொரு நல்ல வழி உண்டு: டிபிஎஸ்டி என்ற நொதி இல்லாத சடுதிமாற்ற வகையால் எந்த டைரோசினிலும் சல்பேட் ஏற்ற முடியாது, அதன் வேர் குட்டையாகவே இருக்கும். ஆர்ஜிஎஃப்1 சேர்த்ததும் அதன் வேர்நுனி ஆக்குத்திசு மீள்வதைப் பார்ப்பது, உங்கள் பெப்டைடு உயிருடன் வேலை செய்கிறது என்பதற்கு நேரடிச் சோதனை.

செறிவைப் பொறுத்தவரை 10 நானோமோலார், 100 நானோமோலார், 1 மைக்ரோமோலார் என்ற வரிசையில் தொடங்குங்கள். 10 மைக்ரோமோலாரில் மட்டும் தோன்றும் விளைவை நான் நம்ப மாட்டேன்.

9. பங்கீட்டை அளக்க: பிரித்த வேர்ச் சோதனை

வேர் நீளம் மட்டும் போதுமானவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளலாம். எந்தப் பக்க வேர் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்க்க விரும்புபவர்கள் வேரை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பக்கவேர்கள் தோன்றிய நாற்றில், இரண்டு பக்கவேர்களுக்குக் கீழே முதன்மை வேரை வெட்டிவிட்டு, அந்த இரண்டும் சம நீளம் வளரும்வரை காத்திருந்து, நடுவில் அகார் வெட்டி எடுக்கப்பட்ட தட்டில் ஒன்றை இடப்பக்கமும் மற்றொன்றை வலப்பக்கமும் வையுங்கள். இரண்டு பகுதிகளும் ஒன்றையொன்று தொடாதிருக்க வேண்டும். மேல்மூடியில் படியும் ஈரத்துளி வழியாகக்கூட நைட்ரேட் கடந்துவிடும். வெட்டிய நாற்றுகளில் கணிசமானவை சமமாக வளராமல் போகும், எனவே தேவைப்படுவதைப் போல இரு மடங்கு நாற்றுகளோடு தொடங்குங்கள்.

நான்கு நிலைகள் தேவை: இருபுறமும் நைட்ரேட் உள்ள நாற்று, இருபுறமும் பொட்டாசியம் குளோரைடு மட்டும் உள்ள நாற்று, பிரித்த நாற்றின் நைட்ரேட் பக்கம், அதன் குளோரைடு பக்கம். பலர் பிரித்த நாற்றின் இரு பக்கங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அந்த ஒப்பீடு நைட்ரேட் இருப்பதற்கும் இல்லாததற்குமான உள்ளூர் வேறுபாட்டையே காட்டும். தொலைவிலிருந்து வந்த செய்தியைக் காட்டுவது, பிரித்த நாற்றின் நைட்ரேட் பக்கத்தை இருபுறமும் நைட்ரேட் உள்ள நாற்றோடு ஒப்பிடுவது. அங்கே என்ஆர்டி2.1 கூடியிருந்தால், மறுபக்கத்தின் பசி தண்டு வழியாகச் சுற்றிவந்து இங்கே கேட்டிருக்கிறது என்று பொருள். சிஇபிஆர்1 இல்லாத நாற்றில் அந்தக் கூடுதல் குறைய வேண்டும்.

என்ஆர்டி2.1 வெளிப்பாடு பகல் நேரத்தைப் பொறுத்தும் ஏறி இறங்கும் என்பதால் எல்லா மாதிரிகளையும் ஒளி தொடங்கிய அதே மணி நேரத்தில் எடுத்து, உடனே திரவ நைட்ரஜனில் உறைய வையுங்கள். கடத்தியின் ஆர்என்ஏ கூடியதாலேயே உறிஞ்சல் கூடியது என்று எழுதிவிட முடியாது; அந்தப் புரதத்தின் மீது பாஸ்பேட் ஏறுவதும் இறங்குவதும் அதன் வேலையை மாற்றும். உறிஞ்சலையே அளக்க நைட்ரஜன்-15 என்ற கன ஐசோடோப்பு கொண்ட நைட்ரேட்டைப் பயன்படுத்துங்கள். வேரை 0.1 மில்லிமோலார் கால்சியம் சல்பேட்டில் ஒரு நிமிடம் கழுவி, ஐந்து நிமிடம் குறியிட்ட நைட்ரேட்டில் வைத்து, மீண்டும் ஒரு நிமிடம் கழுவி, வேரைத் தண்டிலிருந்து பிரித்து உலர்த்த வேண்டும். ஐந்து நிமிடம் என்பதை நீட்டினால் உறிஞ்சப்பட்டது தண்டுக்கு ஏறிவிடும், வேரிலிருந்து வெளியேறுவதும் கணக்கில் கலந்துவிடும். உலர்ந்த மாதிரியை ஐசோடோப்பு விகித நிறை நிறமாலைமானி உள்ள ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும். மாதிரி ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் அத்தகைய இடங்களில் வரிசை நீளமாக இருக்கும் என்பதால், நாற்று விதைக்கும் முன்பே இடம் பதிந்துகொள்ளுங்கள். குறைந்தபட்ச உலர் எடை எவ்வளவு வேண்டும் என்பதையும் அப்போதே கேளுங்கள். அராபிடாப்சிஸின் பிரித்த வேர் மிகச் சிறியது, ஓர் அளவீட்டுக்குப் பல நாற்றுகளின் வேரைச் சேர்க்க வேண்டிவரும். எத்தனை நாற்று, எத்தனை தட்டு, எவ்வளவு பெப்டைடு என்ற கணக்கு அந்த எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது.